வானிலிருந்து மண்ணை வாசித்தல்: பாலையாதலும் தொலையுணர்வுக் கலையும்

முன்னுரை

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது தமிழ் இலக்கணம். அந்நிலப் பகுப்பில் பாலைக்கு மட்டும் ஒரு தனித்தன்மை உண்டு. தொல்காப்பியம் நிலம் பகுத்துரைக்கும் இடத்தில் காடு, மலை, வயல், கடல் சார்ந்த நான்கையே கூறுகிறது. பாலைக்கெனத் தனி நிலம் வகுக்கவில்லை. சிலப்பதிகாரமோ, முல்லையும் குறிஞ்சியும் கதிரவனின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவமே பாலை எனக் காட்டுகிறது. நிலத்துக்கு நேரும் ஒரு மாற்றமாகவே பாலையை நம் முன்னோர் கண்டனர் என்பது இவற்றால் பெறப்படும்.

இன்றைய புவியியலாரும் ஏறத்தாழ இக்கருத்தையே கொண்டுள்ளனர். வளமான நிலம் வளமிழந்து வறள்வதை அவர்கள் 'பாலையாதல்' என்பர். இம்மாற்றம் எங்கே, எவ்வளவு, எவ்வேகத்தில் நிகழ்கிறது என்பதைத் தரையில் நின்று அறிவது அரிது. பல நூறு கல் தொலைவுக்குப் பரந்து கிடக்கும் நிலத்தை ஒரு மனிதன் நடந்து அளந்து முடிப்பதற்குள் பருவங்கள் பல மாறிவிடும். ஆதலின் மனிதன் வானேறி நிலத்தைப் பார்க்க முற்பட்டான். அப்பார்வை எவ்வாறு இயங்குகிறது, அது எதனைத் தெளிவாக்கியது, எவ்விடத்தில் நம்மைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடும் என்பனவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாலையாதல் என்பது யாது?

'பாலையாதல்' என்னும் பொருள்படும் சொல்லைப் பரவலாக்கியவர் ஆபிரெவீல் என்னும் பிரெஞ்சு வனவியல் அறிஞர். வெப்பமண்டல ஆப்பிரிக்காவின் காடுகளைப் பற்றி 1949-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அவர் இதனைக் கையாண்டார். 1960-களின் இறுதியில் தொடங்கிய கொடிய வறட்சி சகாராவின் தென்விளிம்பான சாகேல் பகுதியைச் சூறையாடிய பின்னரே உலகம் இதனைக் கூர்ந்து நோக்கலாயிற்று. 1977-இல் நைரோபியில் ஐக்கிய நாடுகள் அவை இது குறித்து ஒரு மாநாடு கூட்டியது. 1994-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் பாரிசில் பன்னாட்டு உடன்படிக்கை ஒன்று ஏற்கப்பட்டது. இந்தியா 1996-இல் அதனை உறுதி செய்தது.

அவ்வுடன்படிக்கையின்படி, வறண்ட, ஓரளவு வறண்ட, வறட்சி சார்ந்த ஈரநிலப் பகுதிகளில் தட்பவெப்ப மாறுபாடு, மனிதச் செயல்கள் உள்ளிட்ட பல காரணங்களால் நிலம் சீர்கெடுவதே பாலையாதல் ஆகும். இங்கு நாம் கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. மணற்குன்றுகள் படைபோல் முன்னேறி ஊர்களை விழுங்குவது பாலையாதலின் ஒரு சிறு கூறே. மேல்மண் மழையால் அரிக்கப்படுதல், உப்புப் பூத்தல், புல்பூண்டு அற்றுப்போதல் ஆகியவையே இதன் பெரும்பகுதி. பாலைவனத்துக்கு நெடுந்தொலைவில் இருக்கும் நன்செய் நிலமும் இவ்வகையில் பாலையாகக்கூடும்.

வானூர்திப் படங்கள்

வானிலிருந்து நிலத்தைப் படம்பிடிக்கும் முயற்சி 1858-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. நாடார் என்னும் புனைபெயர் கொண்ட பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் பாரிசுக்கு அருகில் பலூனில் ஏறி முதற்படத்தை எடுத்தார். (இப்பெயருக்கும் நம் நாட்டுச் சாதிப் பெயருக்கும் தொடர்பில்லை.) இரண்டு உலகப் போர்களும் வானூர்திப் படக்கலையை வளர்த்தன. 1930-களில் அமெரிக்க மண் ஆய்வாளர்கள் வானூர்திப் படங்களை அடித்தளமாக வைத்து மண் வரைபடம் வரையலாயினர்.

வானூர்தி நேர்க்கோட்டில் பறந்து படமெடுக்கும்போது ஒரு படம் அடுத்த படத்தின் மேல் ஏறத்தாழ 60 விழுக்காடு படியுமாறு எடுக்கப்படும். அவ்விரு படங்களையும் இரட்டைக் கண்ணாடிக் கருவியின் வழியே நோக்கினால் நிலத்தின் மேடுபள்ளங்கள் உயர்ந்தும் தாழ்ந்தும் முப்பரிமாணமாகத் தோன்றும். குன்றின் உச்சியில் மண் ஆழம் குறைந்திருக்கும். சரிவில் அரிப்பு மிகும். அடிவாரத்தில் வண்டல் சேரும். எனவே மேடுபள்ளம் அறிந்தவன் மண்ணைப் பாதி அறிந்தவனாகிறான். மண்ணின் குழிகளை எங்கே தோண்டிப் பார்ப்பது என்பதை இப்படங்கள் காட்டிக் கொடுத்தன.

இந்தியத் தொலையுணர்வுத் துறையின் தொடக்கம் ஒரு தென்னந்தோப்பில் நிகழ்ந்தது. 1970-ஆம் ஆண்டு கேரளத்தில் தென்னையைத் தாக்கிய வேர்வாடல் நோயை ஆராய, பி. ஆர். பிஷாரடி அவர்களின் தலைமையில் அறிவியலார் ஹெலிகாப்டரில் பறந்து அகச்சிவப்புப் படச்சுருளில் படமெடுத்தனர். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி, மரத்தின் நலிவைக் காட்டித் தந்தது.

செயற்கைக் கோளும் ஒளியின் கையெழுத்தும்

1972-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் அமெரிக்கா ஏவிய செயற்கைக் கோள், பின்னாளில் லேண்ட்சாட்-1 எனப் பெயர் பெற்றது. 18 நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தின் மேல் மீண்டும் வந்து அது படமெடுத்தது. இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்.-1ஏ 1988 மார்ச் 17-ஆம் நாள் விண்ணில் ஏவப்பட்டது. 2015-இல் ஐரோப்பாவின் சென்டினல்-2 வரிசையின் முதற்கோள் பறந்தது.

இக்கோள்களின் பார்வைக் கூர்மையை நம் நில அளவையிற் சொன்னால் எளிதில் விளங்கும். லேண்ட்சாட்-1 எடுத்த படத்தின் ஒரு புள்ளி தரையில் ஏறத்தாழ 80 மீட்டர் சதுரம். அதாவது ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மிகுதி. அவ்வளவு நிலமும் ஒரே நிறமாகத்தான் தெரியும். 1982 முதல் லேண்ட்சாட் வரிசையில் வந்த புதிய கருவியின் புள்ளி 30 மீட்டர் சதுரம். ஏறத்தாழ 22 செண்ட். சென்டினலின் நுண்ணிய புள்ளி 10 மீட்டர் சதுரம்; இரண்டரை செண்ட் அளவே.

இக்கோள்கள் எதனைக் காண்கின்றன? கதிரவன் ஒளி நிலத்தில் பட்டுத் திரும்புகிறது. எந்தப் பொருள் எந்த அலைநீளத்தை எவ்வளவு திருப்புகிறது என்பது பொருளுக்குப் பொருள் வேறுபடும். இதனை ஒளியின் கையெழுத்து எனலாம்.

பச்சை இலை சிவப்பு ஒளியை உண்டுவிடும். அண்மை அகச்சிவப்பைப் பெருமளவு திருப்பி அனுப்பும். வெற்று மண் இவ்விரண்டையும் ஏறத்தாழ ஒத்த அளவில் திருப்பும். இவ்வேறுபாட்டைக் கொண்டு அறிவியலார் ஒரு கணக்கு வகுத்தனர். அகச்சிவப்பின் அளவிலிருந்து சிவப்பின் அளவைக் கழித்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரு வயல் அகச்சிவப்பில் 50 விழுக்காடும் சிவப்பில் 10 விழுக்காடும் திருப்பினால், 40-ஐ 60-ஆல் வகுக்க 0.67 வரும். வெற்று மண் 30-உம் 25-உம் திருப்பினால், 5-ஐ 55-ஆல் வகுக்க 0.09 வரும். இதுவே தாவரக் குறியீடு. எண் உயர்ந்தால் பசுமை மிகுதி, தாழ்ந்தால் குறைவு.

மண்ணுக்கும் இத்தகைய கையெழுத்து உண்டு. ஈரமண் உலர்ந்த மண்ணைவிடக் கருமையாகத் தோன்றும். மட்கு மிகுந்த மண்ணும் கருக்கும். இரும்புத் துரு படிந்த செம்மண் நீல ஒளியை விழுங்கிச் சிவப்பைத் திருப்பும். களிமண் 2.2 மைக்ரான் அலைநீளத்தில் ஒளியை ஈர்த்துத் தன்னைக் காட்டிக் கொள்ளும். உப்புப் பூத்த நிலம் கோடையில் வெள்ளை வெளேரெனப் பளிச்சிடும். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரியின் செம்மணல், செயற்கை நிறம் ஊட்டப்பட்ட படத்தில் மஞ்சள் சாயலில் தெரியும். அதே படத்தில் பசுமையான வாழைத்தோட்டம் சிவப்பாக இருக்கும். அகச்சிவப்புக்குச் சிவப்பு நிறத்தையும், சிவப்புக்குப் பச்சை நிறத்தையும் அப்படத்தில் ஒதுக்குவதே இதற்குக் காரணம்.

எனினும், நிறம் ஒன்றையே நம்பி முடிவு கூறுதல் பிழையாகும். கரிசல் மண் கருப்பாயிருப்பதால் அதில் மட்கு மிகுதி என்று கருதுவோர் உளர். உண்மையில் நம் நாட்டுக் கரிசலில் மட்கு குறைவே. உலர்ந்த மணலும் உப்புப் படிவும் ஒருநாட் படத்தில் ஒன்றுபோல் வெளுத்துத் தோன்றும். வெவ்வேறு பருவத்துப் படங்களை ஒப்பிட்டால், உப்புப் படிவு மழையில் கரைந்து மாறுவதும் மணல் மாறாதிருப்பதும் விளங்கும்.

மண் வரைபடம் உருவாகும் முறை

செயற்கைக் கோளின் கண்ணுக்கு எட்டுவது மண்ணின் மேற்பரப்பு மட்டுமே. மண்ணோ அடுக்கடுக்காக அமைந்தது. மேலே ஓரடி செம்மண், கீழே சுண்ணாம்புப் பாறை என்றிருந்தால் பயிரின் வேர் அறியும் உண்மையைக் கோள் அறியாது. எனவே வரைபடம் வரைவோர் மூன்று படிகளைக் கடைப்பிடிப்பர். முதலாவது, படத்தில் நிறம், வடிவம், வடிகால் அமைப்பு ஆகியவற்றால் ஒத்த பகுதிகளைக் கோடிட்டுப் பிரித்தல். இரண்டாவது, அப்பகுதிகளுக்கு நேரிற் சென்று குழி தோண்டி அடுக்குகளை ஆராய்ந்து, மண்ணை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புதல். மூன்றாவது, ஆய்வின் முடிவைக் கொண்டு கோடுகளைத் திருத்துதல்.

நாக்பூரில் உள்ள தேசிய மண் அளவை, நிலப்பயன் திட்டமிடல் நிறுவனம் இம்முறையிலேயே 1986 முதல் மாநிலந்தோறும் மண் வரைபடங்களை உருவாக்கியது. படங்களை ஆராய்ந்ததுடன், 10 கி.மீ. இடைவெளிக் கட்டங்களில் களத்துக்கே சென்று மண்ணைப் பார்த்தனர். வானத்துக் கண்ணும் மண்வெட்டியும் இணைந்த முயற்சி அது.

சகாரா முன்னேறியதா?

தொலையுணர்வு ஒரு பெரும் வழக்கில் சான்று கூறிய வரலாற்றை இனிக் காண்போம்.

1975-இல் லாம்ப்ரே என்னும் சூழலியல் அறிஞர் சூடான் நாட்டின் மேல் பறந்து பாலையின் தென்னெல்லையைக் குறித்தார். அதனை 1958-இல் வெளியான தாவர வரைபடத்தோடு ஒப்பிட்டு, 17 ஆண்டுகளில் பாலை 90 முதல் 100 கி.மீ. வரை தெற்கே நகர்ந்துவிட்டது என்றார். ஆண்டுக்கு ஐந்தரைக் கி.மீ. வேகம் என்னும் அச்செய்தி உலகெங்கும் பரவிற்று. பாலையை விரட்டிக் கொண்டுவருபவர் யார் என்ற வினாவும் உடன் எழுந்தது. ஆடுமாடு மேய்ப்போரும் விறகு வெட்டும் ஏழை உழவருமே என்று பலர் முடிவு கட்டினர்.

ஆனால், அவ்விரு கோடுகளும் ஒரே முறையில் வரையப்பட்டவை அல்ல. மேலும், 1975 நெடிய வறட்சியை அடுத்து வந்த ஆண்டு. 1980-களில் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெல்டன் முதலானோர் செயற்கைக் கோள் படங்களோடு களத்துக்கும் சென்று ஆராய்ந்தபோது, பாலை எல்லை தொடர்ந்து முன்னேறியதற்குச் சான்று கிட்டவில்லை. 1991-இல் டக்கரும் அவர்தம் துணையாய்வாளரும், வானிலைக் கோள்கள் 1980 முதல் 1990 வரை திரட்டிய தாவரக் குறியீட்டைக் கொண்டு சகாராவின் தென்னெல்லையை ஆண்டுதோறும் கணித்து வெளியிட்டனர். மழை பொய்த்த 1984 வரை பாலை விரிந்தது. மழை திரும்பிய 1985-இல் எல்லை 110 கி.மீ. வடக்கே பின்வாங்கியது. அவ்வோராண்டில் மட்டும் பாலையின் பரப்பு 7,24,000 சதுர கி.மீ. குறைந்தது. தமிழ்நாட்டின் பரப்பைப்போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட நிலம் அது!

இதனால் பெறப்படும் உண்மை யாது? பாலையின் விளிம்பு கடலலைபோல் ஏறியும் இறங்கியும் வருவது. இரண்டு ஆண்டுகளை மட்டும் ஒப்பிட்டால், எந்த இரண்டைத் தேர்ந்தோமோ அதற்கேற்பவே விடை அமையும். பல்லாண்டுத் தொடர்ச்சியே மழைக்குறைவால் வந்த வாட்டத்தையும் நிலத்தின் நிலைத்த சீர்கேட்டையும் பிரித்துக் காட்டும்.

நைஜரின் மரங்கள்

அதே சாகேலில், நைஜர் நாட்டின் தென்பகுதியில் மற்றொரு நிகழ்ச்சி யாரும் அறியாமல் நடந்தேறியது. குடியேற்ற ஆட்சிக் காலம் முதல் மரங்கள் அரசின் உடைமை எனக் கருதப்பட்டன. தன் வயலில் நிற்கும் மரம் தனக்குரியதன்று எனில் உழவன் அதனைப் பேணுவானா? 1980-களில் அந்நிலை தளரத் தொடங்கிற்று. 1983-ஆம் ஆண்டு முதல் மராடி பகுதியில் ஆஸ்திரேலியரான டோனி ரினாடோ, வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் நிலத்துக்கடியில் உயிரோடிருப்பதைக் கண்டு, அவற்றிலிருந்து வரும் துளிர்களில் நல்லவற்றை மட்டும் விட்டு வளர்க்கும் முறையை உழவரிடையே பரப்பினார். புதிய கன்று நட வேண்டுவதில்லை. நீர் ஊற்ற வேண்டுவதில்லை. மழைக்காலத்தில் இலையுதிர்த்துப் பயிருக்கு வெயில் விடும் ஒருவகை வேலமரம் அவர்களுக்குப் பெருந்துணையாயிற்று.

இம்மாற்றம் ஏன் உலகின் கண்ணுக்குத் தப்பியது? ஒன்றரை ஏக்கரை ஒரு புள்ளியாகக் காணும் படத்தில் வயலுக்குள் ஆங்காங்கே நிற்கும் பத்து மரங்கள் தெரியமாட்டா. அமெரிக்க நில அளவைத் துறையைச் சேர்ந்த கிரே டாப்பன் 1975-ஆம் ஆண்டு வானூர்திப் படங்களையும், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட கூரிய படங்களையும் அருகருகே வைத்து நோக்கியபோது உண்மை வெளிப்பட்டது. ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேர் நிலத்தில் மரங்கள் மீண்டிருந்தன. பாலையை அழைத்துவருவோர் என்று பழிக்கப்பட்ட உழவரே நிலத்தை மீட்டவர் என்று படங்கள் சான்று பகர்ந்தன. பின்னர் 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு மீட்டருக்கும் குறைந்த புள்ளியளவுள்ள படங்களைக் கணிப்பொறிக்குப் பயிற்றி, மேற்கு ஆப்பிரிக்கச் சகாரா, சாகேல் பகுதிகளில் 13 லட்சம் சதுர கி.மீ. பரப்பில் 180 கோடிக்கு மேற்பட்ட மரங்களைத் தனித்தனியே எண்ணியது.

பசுமையெல்லாம் வளமா?

தாவரக் குறியீடு உயர்ந்தால் நிலம் நலமுற்றது எனக் கொள்ளலாமா? குஜராத் மாநிலத்தின் கட்ச் பகுதியில் உள்ள பன்னி புல்வெளி இதற்கு விடை கூறும். மால்தாரி எனப்படும் கால்நடை வளர்ப்போர் தலைமுறைகளாக எருமையும் ஆடும் மேய்த்து வாழும் இடம் அது. உப்பு நிலம் பரவுவதைத் தடுக்கும் எண்ணத்தோடு 1961-இல் அங்குச் சீமைக்கருவேலம் விதைக்கப்பட்டது. அது புல்வெளியின் பெரும்பகுதியை ஆக்கிரமித்துக் கொண்டது. அங்குள்ளோர் அதனைப் பைத்தியக் கருவேலம் என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். விண்ணிலிருந்து நோக்கினால் அங்குப் பசுமை மிகுந்துள்ளது; மண்ணில் நின்று நோக்கினால் மாட்டுக்குப் புல் இல்லை. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டத்தார்க்கு இம்மரத்தின் இயல்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. கோடையில் வெறுமையாகத் தோன்றும் மேய்ச்சல் நிலத்தைப் படத்தில் கண்டு 'தரிசு' எனக் குறித்துவிடலாம். வரைபடத்தில் அச்சொல் ஏறியபின், அந்நிலம் வேறு பயனுக்கு ஒதுக்கப்படுவது எளிதாகிறது. அங்கு ஆடு மேய்த்த குடும்பத்தின் வாழ்வு அவ்வொரு சொல்லில் அடங்கியிருப்பதை வரைபடம் வரைபவர் மறத்தலாகாது.

இந்தியாவின் நிலை

அகமதாபாத்தில் உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம், பிற நிறுவனங்களின் துணையோடு இந்தியாவின் பாலையாதல், நிலச்சீர்கேடு பற்றிய வரைபடத் தொகுதியை 2016-இலும் 2021-இலும் வெளியிட்டது. 2003-05 காலத்தில் 9.45 கோடி ஹெக்டேராக இருந்த சீர்கெட்ட நிலம், 2011-13-இல் 9.64 கோடியாகவும், 2018-19-இல் 9.78 கோடியாகவும் கணக்கிடப்பட்டது. இறுதிக் கணக்கு நாட்டின் பரப்பில் 29.77 விழுக்காடு. இதில் முதலிடம் பெறுவது தார்ப் பாலையின் காற்றரிப்பன்று. மழைநீர் மேல்மண்ணைக் கொண்டுசெல்லும் நீரரிப்பே. தாவரச் சீர்கேடு அதற்கு அடுத்தது. காற்றரிப்பு மூன்றாம் இடத்தது.

இத்தொகுதியின் நாடளாவிய வரைபடங்களில் ஒரு செ.மீ. தரையில் 5 கி.மீ.க்குச் சமம். நாட்டின் நிலையை அறிய இது போதும். ஓர் ஊரின் கண்மாய்க்கரை நிலத்தைப் பற்றித் தீர்ப்புக் கூற இது போதாது. எவ்வளவு நுட்பமான கேள்வியோ அவ்வளவு நுட்பமான படமும் களஆய்வும் தேவை. ஐரோப்பிய ஆய்வு மையம் 2018-இல் வெளியிட்ட உலகப் பாலையாதல் தொகுதியின் மூன்றாம் பதிப்பு, இது பாலை, இது அன்று என ஒரே கோட்டால் உலகைப் பிரிப்பதையே கைவிட்டது. மண், மழை, மக்கள்தொகை, மேய்ச்சல், பாசனம் எனப் பல சான்றுகள் ஓரிடத்தில் குவிவதைக் காட்டி, முடிவை அவ்விடத்தை அறிந்தவர்க்கு விட்டுவிட்டது.

முடிவுரை

இடத்தை அறிந்தவர் என்போர் யார்? உழவரும் ஆயரும் உப்பளத் தொழிலாளரும் ஆவர். அவர்தம் அறிவு பெரும்பாலும் ஏடுகளில் இல்லை, சொற்களில் இருக்கிறது. கரிசல், செவல், வண்டல், பொட்டல், களர், உவர், தேரி, சரளை, சுக்கான் என நம் மக்கள் மண்ணுக்கு இட்ட பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு களஆய்வின் முடிவாகும். களர் என்பதற்கும் உவர் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு முதிய உழவர் காலால் மிதித்தே உரைப்பார். படத்தில் அவ்விரண்டும் ஒரே வெண்மையாகத் தோன்றலாம்.

இங்குத்தான் தமிழ் பயிலும் மாணவர்க்கும் இத்துறையில் ஒரு பணி காத்திருக்கிறது. தத்தம் ஊரின் மண்வகைப் பெயர்களையும், அவை எந்தப் புலத்தைக் குறிக்கின்றன, அங்கு முன்னர் என்ன விளைந்தது, எப்போது நின்றது என்பனவற்றையும் ஊர்ப்பெரியோரிடம் கேட்டுத் தொகுக்கலாம். லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் யாவர்க்கும் விலையின்றிக் கிடைக்கின்றன. புவியியல், தாவரவியல் துறை மாணவரோடு அமர்ந்து, அச்சொல்லடைவையும் 1970-கள் முதலான படங்களையும் ஒப்பிட்டு நோக்கினால், ஓர் ஊரின் நிலம் ஐம்பது ஆண்டுகளில் எவ்வாறு திரிந்தது என்பதை ஓரளவு உறுதியாகக் கூற இயலும். பெரியோர் பலர் நினைவோடு இருக்கும் இக்காலத்திலேயே இப்பணியைத் தொடங்குதல் நன்று. படங்கள் சேமிப்பகத்தில் நிலைத்திருக்கும். அவற்றுக்குப் பொருள் சொல்லும் வாய்மொழி அவ்வாறு நிலைத்திராது.